வெடிகுண்டும் எறிகுண்டும்: அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசல் வழக்கின் துணையோடு ஒரு சொல்லாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கையால் எறியப்பட்டு வெடிக்கும் படைக்கலத்தைக் குறிக்க வெடிகுண்டு, எறிகுண்டு, கையெறிகுண்டு, கைக்குண்டு ஆகிய சொற்கள் இன்றைய தமிழில் வழங்குகின்றன. வெடிமருந்துப் படைக்கலங்கள் பிற்காலத்தில் வந்தவை; அவற்றைக் குறிக்கும் இச்சொற்களின் உறுப்புகளோ பழந்தமிழ்ச் சொற்கள். வெடி, குண்டு, எறி என்னும் மூன்று உறுப்புகளும் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மானாவாரி நிலவழக்கில் படைக்கலத் தொடர்பின்றியே இன்றும் உயிர்ப்புடன் இருப்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. இவ்வுறுப்புகள் கூடிய தொகைகளின் இலக்கண அமைப்பையும், ‘வெங்காய வெடி’, ‘அவுட்டுக்காய்’ போன்ற மக்கள் வழக்குப் பெயர்களையும் ஒப்பிட்டு, அகராதிப் பதிவில் பின்பற்றத்தக்க நெறி ஒன்றை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: வெடி, குண்டு, எறி, வினைத்தொகை, கரிசல் வழக்கு, அகராதியியல்.

1. முன்னுரை

புதிய பொருளொன்று ஒரு மொழிச் சமூகத்திற்குள் நுழையும்போது அதன் பெயரும் உடன் நுழைதல் உண்டு. துப்பாக்கி, பீரங்கி, தோட்டா ஆகிய சொற்கள் பிறமொழிகளிலிருந்து வந்து தமிழில் நிலைத்தவை. துப்பாக்கி துருக்கிய மூலத்தையும், பீரங்கி ஐரோப்பியரைக் குறித்த ‘பிரங்கி’ என்னும் சொல்லையும் சார்ந்தவை. ஆயின் அதே படைக்கலத் தொகுதியைச் சேர்ந்த வெடிகுண்டு மட்டும் தமிழ்ச் சொற்களாலேயே பெயர் பெற்றது. ‘பாம்’, ‘கிரனேடு’ ஆகிய ஆங்கில வடிவங்கள் பேச்சில் வழங்கினும், எழுத்து வழக்கில் தமிழ்ச் சொற்களே மேலோங்கி நிற்கின்றன.

இதற்குரிய காரணத்தை அறிய, அச்சொற்களின் உறுப்புகள் படைக்கலப் பொருளை ஏற்பதற்கு முன் எவ்வாறு வழங்கின என்று காணவேண்டும். அதற்கு ஏற்ற களமாக அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் அமைகிறது. முன்னர் இராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கி, 1985இல் ஏற்பட்ட பிரிவினைக்குப்பின் இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் அமைந்த இப்பகுதி, வானம் பார்த்த பூமி. பருத்தி, கம்பு, சோளம், மல்லி, மிளகாய் ஆகியவை இதன் பயிர்கள். இதன் மேற்கே பட்டாசுத் தொழில் நகரமான சிவகாசி உள்ளது. எனவே உழவர் வழக்கும் வெடித்தொழில் வழக்கும் அருகருகே வழங்கும் நிலப்பகுதி இது.

2. வெடி

வெடி என்னும் அடி பிளத்தல், விரிதல், பேரொலி எழுதல் ஆகிய பொருள்களைத் தருவது. துள்ளுதல் என்னும் பொருளும் இதற்கு உண்டு. இவற்றுள் எதற்கும் தீயோ மருந்தோ இன்றியமையாதது அன்று. கரிசல் வழக்கு இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. முற்றிய பருத்திக்காய் வாய்பிளந்து பஞ்சு வெளித்தோன்றுவதை ‘பருத்தி வெடித்திருக்கிறது’ என்பர். கோடையில் ஈரம் வற்றிய கரிசல் மண் பாளம் பாளமாகப் பிளப்பதும் வெடிப்பே. பாதத்தில் தோன்றும் பிளவு பித்தவெடிப்பு. தாளிக்கும்போது கடுகு வெடிக்கும். உள்ளிருந்து எழும் விசையால் மேற்புறம் பிளத்தல் என்பதே இவையனைத்திற்கும் பொதுவான கருத்து.

வெடிமருந்து வழக்கிற்கு வந்தபோது, உள்விசையால் உறை பிளக்கும் நிகழ்வைக் குறிக்க இச்சொல் பொருத்தமாக அமைந்தது. வெடிமருந்து என்னும் தொடரிலுள்ள ‘மருந்து’ என்பதும் நோக்கத்தக்கது. நோய் தீர்க்கும் பொருளைக் குறிக்கும் சொல்லே வெடிக்கும் தூளுக்கும் பெயராயிற்று. சீன மொழியில் வெடிமருந்துக்குரிய பெயர் ‘நெருப்பு மருந்து’ என்று பொருள்படும். இடித்துத் தூளாக்கி அளவறிந்து கலக்கும் பொருள் என்ற ஒப்புமையே இப்பெயரீட்டுக்கு இடந்தந்திருக்கலாம்.

வெடியோடு பேச்சு வழக்கில் இணைந்து நிற்பது ‘வேட்டு’. கிணறு தோண்டும்போது பாறை குறுக்கிட்டால் துளையிட்டு மருந்தைக் கெட்டித்துத் திரியிட்டு வெடிக்கச் செய்வதை வேட்டு வைத்தல் என்பர். நீர்மட்டம் ஆழத்தில் உள்ள வறண்ட நிலத்தில் வேட்டு ஓர் உழவுத்துணைத் தொழிற்சொல். பிறர்க்கு மறைவாகக் கேடு சூழ்வதை ‘வேட்டு வைத்துவிட்டான்’ என்று கூறும் மரபுத்தொடரும் இதிலிருந்து எழுந்ததே. கல்குவாரிகள் பெருகியபின் இத்தொழிலின் அளவும் ஆபத்தும் பெருகின. 2024 மே 1 அன்று காரியாபட்டியை அடுத்த ஆவியூரில் கல்குவாரியின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துத் தொழிலாளர் உயிரிழந்தமை அண்மைக்காலச் சான்று.

3. குண்டு

குண்டு என்பதற்கு இரு பொருட்குழுக்கள் உள்ளன. ஒன்று ஆழம், பள்ளம். மற்றொன்று உருண்டை, திரட்சி. பரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் இவற்றை வெவ்வேறு பதிவுகளாகவே தருகிறது.

சங்க இலக்கியத்தில் மிகுதியும் காணப்படுவது ஆழப்பொருளே. அகழிக்கும் சுனைக்கும் அடையாக வரும் குண்டு, அவற்றின் ஆழத்தைக் குறிப்பது. இன்று இப்பொருள் மறைந்துவிட்டதாகத் தோன்றினும், ‘குண்டும் குழியுமான சாலை’ என்னும் தொடரில் அது எஞ்சி நிற்கிறது. இதனை மேடும் பள்ளமும் எனப் பொருள்கொள்வாரும் உளர். ஆயின் ஒருபொருட் சொற்கள் இரண்டு இணைந்துவரும் இணைமொழியாகக் கொள்வதே பழைய வழக்கோடு பொருந்தும். குண்டம் என்னும் வடிவமும் இதற்கு அரண் செய்கிறது. கொங்குப் பகுதியில் தீமிதித் திருவிழாவைக் ‘குண்டம் இறங்குதல்’ என்பர். அருப்புக்கோட்டை உள்ளிட்ட தென்பகுதியில் அதுவே ‘பூக்குழி இறங்குதல்’. ஒரே சடங்கிற்குரிய இவ்விரு பெயர்களும் குண்டமும் குழியும் ஒருபொருளன என்பதை உறுதிப்படுத்துகின்றன.

திருச்சுழியில் இச்சொல் நிலத்தின் பெயராகவே நிற்கிறது. திருமேனிநாதர் கோயில் கொண்ட அவ்வூரை ஒட்டி ஓடுவது குண்டாறு. திருமங்கலத்தைக் கடந்து திருச்சுழி வழியாகக் கமுதி நோக்கிச் செல்லும் இவ்வாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். தலமரபு இதனைக் கௌண்டின்ய முனிவரோடு தொடர்புபடுத்திக் கௌண்டின்ய நதி என வழங்கும். ஆயின் குண்டாறு என்னும் மக்கள் வழக்கைக் குண்டு + ஆறு எனப் பிரித்து, ஆழ்ந்த மடுக்களை உடைய ஆறு எனக் கொள்வது தமிழ்ச் சொல்லமைதிக்கு இயைந்தது. முனிவர் பெயர் ஒலியொப்புமையால் பின்னர் ஏற்றப்பட்டதாதல் கூடும். நீர்ச்சுழியால் பெயர்பெற்ற ஊரின் அருகே நீராழத்தால் பெயர்பெற்ற ஆறு ஓடுதல் இயல்பே.

உருண்டைப் பொருளுக்கும் இவ்வட்டாரத்தில் சான்றுகள் மிகுதி. நீண்ட சம்பா வற்றலிலிருந்து வேறுபடுத்தி உருண்டு திரண்ட வகையைக் குண்டு மிளகாய் என்பர். மல்லிகைக்குப் பெயர்பெற்ற அருப்புக்கோட்டையின் பூச்சந்தையில் குண்டு மல்லி அன்றாடச் சொல். தாலிக்கயிற்றில் கோக்கும் பொன்னுருவும் குண்டு. தலை திரண்ட ஊசி குண்டூசி. குன்றிமணி மக்கள் நாவில் குண்டுமணி ஆனது. இவற்றுள் அச்சம் தரும் பொருள் எதுவும் இல்லை.

ஆழமும் உருண்டையும் பிறப்பால் வேறாயினும், பயன்பாட்டில் அவை சந்திக்கும் இடமொன்று உண்டு. குண்டான், குண்டுச்சட்டி ஆகிய கலப்பெயர்களே அவ்விடம். குண்டான் புறத்தே உருண்டது; அகத்தே ஆழ்ந்தது. அதனைக் குண்டு என்பது உருவத்தாலா, உட்குழிவாலா எனப் பிரித்தறிய இயலாது. வெடிகுண்டும் இத்தகையதே. பீரங்கிகளின் தொடக்ககால இரும்புக்குண்டும் ஈயக்குண்டும் உட்குழிவற்ற திண்ணுருண்டைகள். அவை தாக்கும், வெடிப்பதில்லை. வெடிகுண்டோ உள்ளீடற்ற உருண்டையில் மருந்து நிரப்பப்பட்ட கலம். குண்டு என்னும் சொல் அதற்குப் பொருந்தியமைக்கு இவ்விரு பொருட்சாயல்களின் இயைபும் துணைசெய்தது எனலாம்.

பின்னர் உருவப்பொருள் தேய்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் துப்பாக்கிக் குண்டு கூம்பு முனை பெற்றும் பெயர் மாறவில்லை. 1914 செப்டம்பர் 22 அன்று எம்டன் கப்பல் சென்னைமீது வீசிய நீளுருவ எறிகணைகளும் குண்டுகளே ஆயின. கண்ணாடிப் புட்டியில் எரிநெய் நிரப்பித் திரியிட்டு வீசுவதைப் ‘பெட்ரோல் குண்டு’ என நாளேடுகள் எழுதுகின்றன. அது உருண்டையும் அன்று. வெடிமருந்து கொண்டதும் அன்று. வீசித் தாக்கும் பொருள் என்னும் பயன் ஒன்றே அங்குக் குண்டு என்பதன் பொருளாக எஞ்சுகிறது.

இங்கு ஒரு விலக்கும் கூறத்தக்கது. 1982ஆம் ஆண்டுச் சட்டத்தைக் குறிக்கும் ‘குண்டர் சட்டம்’ என்னும் தொடரிலுள்ள குண்டர், முரடரைக் குறிக்கும் இந்திச் சொல்லின் வழிவந்தது. வெடிகுண்டு வழக்குச் செய்திகளில் இரண்டும் அடுத்தடுத்து வருவதால் உறவுடையன எனக் கருதுதல் பிழை.

4. எறி

எறிதல் என்பது கைவிட்டு வீசுதலையும், வெட்டுதல், தாக்குதல் ஆகியவற்றையும் பழந்தமிழில் குறித்தது. இதன் முதனிலை திரிந்த வடிவம் ஏறு. கல்லேறு, வேலேறு, கண்ணேறு என்பவற்றில் அதனைக் காணலாம். கையை விட்டு நீங்கிச் சென்று பிறிதொன்றைத் தாக்குதல் என்பதே அடிப்படைக் கருத்து. பார்வையும் அவ்வாறு சென்று தாக்கும் என்னும் நம்பிக்கையே கண்ணேறு.

படைக்கலங்களைச் செலுத்தும் முறையால் எறிவன, எய்வன எனப் பகுப்பது தமிழ் மரபு. வேல் எறியப்படுவது, கணை எய்யப்படுவது. ஈழத்தமிழ் வழக்கில் பீரங்கி முதலியவற்றால் செலுத்தப்படும் வெடிபொருளை எறிகணை என்பர். எறி, கணை என்னும் இரண்டும் ஒரே தொகையில் இணைந்த இச்சொல் பழைய பகுப்பைக் கடந்து உருவானது. அவ்வழக்கில் கையால் எறிவது கைக்குண்டு. பொறியால் செலுத்துவது எறிகணை. வானூர்தி இடுவது குண்டு. நிலத்தில் புதைப்பது கண்ணிவெடி. நீண்ட போர்க்காலம் இவ்வேறுபாடுகளை உயிர்காக்கும் அறிவாக ஆக்கியதால், அவை பொதுமக்கள் பேச்சிலும் துல்லியமாக நிலைபெற்றன.

இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளின் வறண்ட நிலம் எறிபடைக்குப் பெயர்பெற்றது. வளைந்த மரத்தாலோ உலோகத்தாலோ ஆன வளரி இங்கு வேட்டையிலும் போரிலும் பயன்பட்டது. சின்ன மருது தமக்கு ஈட்டியெறியவும் வளரி வீசவும் கற்பித்ததாக ஆங்கிலப் படை அதிகாரி சேம்சு வெல்சு 1830இல் வெளிவந்த தம் நினைவுக்குறிப்பு நூலில் எழுதியுள்ளார். கம்பங்கொல்லையில் பறவை ஓட்டும் கவண்கல்லும் எறிபொருளே. எறிதல் என்னும் வினை இந்நிலத்தில் வேளாண்மையோடும் வேட்டையோடும் போரோடும் ஒருங்கே இயைந்திருந்தது.

5. தொகை அமைப்பு

வெடிகுண்டு, எறிகுண்டு ஆகிய இரண்டும் காலம் மறைந்து நின்ற வினைத்தொகைகள். எனினும் அவற்றின் உள்ளமைப்பு ஒன்றன்று. வெடிகுண்டு என்பதில் குண்டு வெடித்தல் வினைக்கு எழுவாய், வெடிப்பது குண்டே. எறிகுண்டு என்பதில் குண்டு எறிதல் வினைக்குச் செயப்படுபொருள், எறிபவர் வேறொருவர். சுடுநீர், ஊறுகாய், உண்கலம் ஆகியவற்றிடையேயும் இத்தகைய வேற்றுமை உண்டு.

இவ்வேறுபாடு பொருளையும் பாதிக்கிறது. வெடிகுண்டு என்னும் சொல் மனிதச் செயலைக் காட்டாது. எறிகுண்டு எறிபவரைத் தொக்கு நிறுத்துகிறது. வெடிகுண்டு எறியப்படலாம், வைக்கப்படலாம், வானிலிருந்து இடப்படலாம். எறிகுண்டு எறியப்படுவது ஒன்றே. மறுபுறம், எறிகுண்டு என்பதில் வெடித்தற்பொருள் வெளிப்படவில்லை. பள்ளி விளையாட்டாகிய குண்டெறிதலில் எறியப்படும் இரும்புக் குண்டும் சொல்லளவில் எறிகுண்டு ஆகலாம். வழக்கே அதனை விலக்குகிறது.

கையெறிகுண்டு கையால் எறியும் குண்டு என விரியும். கைக்குண்டு என்பதில் எறிதல் வினையும் தொக்கு நிற்பதால் அது உருபும் பயனும் உடன்தொக்க தொகை. தமிழகச் செய்தித் தமிழ் முன்னதையும் ஈழத்தமிழ் பின்னதையும் மிகுதியும் ஆள்கின்றன.

பிறமொழிப் பெயர்களோடு ஒப்பிடின் தமிழின் தனித்தன்மை விளங்கும். ‘பாம்’ என்பது கிரேக்கத்தில் முழக்கொலியைக் குறித்த சொல்லின் வழிவந்தது. ‘கிரனேடு’ பிரெஞ்சு மொழியில் மாதுளம்பழத்தைக் குறிப்பது; உருண்ட உறையினுள் மணிகள் செறிந்த ஒப்புமையால் வந்தது. சீனமும் சப்பானியமும் இதனைக் ‘கை மாதுளைக் குண்டு’ என்று பொருள்படப் பெயரிட்டன. இந்தியின் ‘ஹத்கோலா’ கை உருண்டை. இவை ஒலியாலும் உருவாலும் பெயரிட, தமிழ் வெடித்தல், எறிதல் ஆகிய தொழிலால் பெயரிட்டது.

6. மக்கள் வழக்கில் காய்ப்பெயர்கள்

எழுத்துத் தமிழ் மாதுளையை ஏற்கவில்லை. ஆயினும் மக்கள் வழக்கு தானே வேறு காய்களைக் கண்டது. கூழாங்கல் துண்டுகளோடு வேதிக்கலவையைச் சேர்த்துக் காகிதத்திலோ துணியிலோ பொதிந்து, தரையிலோ சுவரிலோ எறிந்தால் வெடிக்கும் உருண்டையை வெங்காய வெடி என்பர். திரியோ தீயோ வேண்டாது அதிர்ச்சியாலேயே வெடிப்பது இதன் இயல்பு. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் காட்டுப்பன்றியைக் கொல்ல இரைக்குள் மறைத்து வைக்கும் வெடிக்கு அவுட்டுக்காய் என்று பெயர். விலங்கு கடிக்கும்போது அது வெடிக்கும். கேரளத்தில் இதற்குப் ‘பன்னிப்படக்கம்’ என்பது பெயர்.

காய் என்றும் வெங்காயம் என்றும் வரும் இப்பெயர்கள் உருவத்தைச் சரியாகவே உரைக்கின்றன, தொழிலை மறைக்கின்றன. அம்மறைப்பின் விளைவு சொல்லாய்வு எல்லைக்குள் மட்டும் நிற்பதன்று. 2024 அக்டோபர் 31 அன்று ஆந்திரத்தின் ஏலூரில், வெங்காய வெடிகளை ஏற்றிச்சென்ற இருசக்கர வண்டி சாலைப் பள்ளத்தில் இறங்கியபோது அவை வெடித்து ஒருவர் உயிரிழந்தார்; அறுவர் காயமுற்றனர். 2020 மே மாதத்தில் பாலக்காட்டில் சூலுற்ற யானை வெடி வைத்த இரையால் வாய் சிதைந்து இறந்தது. அடுத்த மாதமே திருச்சி மாவட்டத்தில், மீன்பிடிக்க வைத்திருந்த வெடிபொருளைத் தின்பண்டம் எனக் கருதிக் கடித்த 6 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். உணவின் உருவிலும் பெயரிலும் கொல்பொருள் உலவும்போது குழந்தைக்கும் விலங்குக்கும் வேறுபாடு அறிய வழியில்லை.

சிவகாசிப் பட்டாசுப் பெயர்களில் இதற்கு எதிர்த்திசைப் போக்கைக் காண்கிறோம். 1945இல் ஈரோசிமாவை அழித்த படைக்கலத்தின் பெயர், நூல்சுற்றிய சிறு பட்டாசிற்கு ‘அணுகுண்டு’ என வழங்குகிறது. கொடியதன் பெயர் விளையாட்டுப் பொருளுக்கும், உணவின் பெயர் கொடிய பொருளுக்கும் சென்றுள்ளன. அணுகுண்டு சிறுவர் கையில் உரிமம் பெற்ற பட்டாசு. வெங்காய வெடி தடையை மீறிச் செய்யப்படுவது. கந்தகத்தோடு குளோரேட்டுக் கலந்த வெடிபொருள்கள் 1992ஆம் ஆண்டு அறிவிக்கையால் தடைசெய்யப்பட்டவை. பெயரை மட்டும் கேட்பவர்க்கு இவ்வுண்மை தலைகீழாகவே தோன்றும்.

7. அகராதிப் பதிவு நெறி

1908ஆம் ஆண்டு வெடிபொருட்கள் சட்டம், வெடிப்பை நிகழ்த்துதல், அதற்கு முயலுதல், ஐயத்திற்குரிய சூழலில் வைத்திருத்தல் ஆகியவற்றைத் தனித்தனிப் பிரிவுகளில் குற்றமாக்குகிறது. தமிழில் எழுதப்படும் புகாரும் வாக்குமூலமும் அச்சட்டத்தின்கீழ் வழக்காகும்போது, எறிந்தது எது, வைத்தது எது, வெடிக்கும் முறை யாது என்பவை முதன்மை பெறுகின்றன. ‘நாட்டு வெடிகுண்டு’ என்னும் ஒற்றைத் தொடர் வெங்காய வெடி, அவுட்டுக்காய், திரிவைத்த உருண்டை ஆகிய அனைத்தையும் அடக்கிவிடுவதால் இவ்வேறுபாடுகள் மங்குகின்றன.

மக்கள் வழக்கின் வினைகள் இதற்குத் தீர்வு காட்டுகின்றன. வேட்டு வைக்கப்படுகிறது, வெடி போடப்படுகிறது, வாணம் விடப்படுகிறது, குண்டு எறியப்படுகிறது அல்லது வீசப்படுகிறது. ஒவ்வொரு பெயரும் தனக்குரிய வினையோடு வருகிறது. எனவே அகராதிப் பதிவில் பெயரோடு அது ஏற்கும் வினையையும், வெடிப்பைத் தூண்டுவது திரியா, அதிர்ச்சியா, கடியா என்பதையும் சேர்த்துத் தருதல் வேண்டும். இதன்படி, எறிகுண்டு என்பதைக் கையால் எறியும் வெடிபொருள்களின் பொதுப்பெயராகவும், கையெறிகுண்டு என்பதைப் படைத்துறையினர் பயன்படுத்தும் ஆலைத்தயாரிப்பின் பெயராகவும் கொள்ளலாம். வெங்காய வெடி, அவுட்டுக்காய் ஆகியவற்றைக் கொச்சை எனத் தள்ளாது தலைச்சொற்களாகப் பதிந்து, அவற்றின் ஆபத்தைப் பொருள்விளக்கத்திலேயே சுட்டவேண்டும்.

8. முடிவுரை

வெடி கரிசல் மண்ணின் பிளவையும் பருத்தியின் விரிவையும், குண்டு நீராழத்தையும் மிளகாயின் திரட்சியையும், எறி கவண்கல்லின் செலவையும் குறித்து வழங்கிய சொற்கள். புதிய படைக்கலம் வந்தபோது இவை கூடி அதற்குப் பெயராயின. உருண்டையும் உட்குழிவும் ஒருங்கே கொண்ட கலத்திற்குக் குண்டு என்னும் சொல் பொருந்தியது. வெடிகுண்டில் குண்டு எழுவாயாகவும் எறிகுண்டில் செயப்படுபொருளாகவும் நிற்றல் இவ்விரு சொற்களின் பொருளெல்லையை வரையறுக்கிறது. தொழிலால் பெயரிட்ட எழுத்துத் தமிழும் உருவால் பெயரிட்ட மக்கள் தமிழும் ஒன்றையொன்று நிறைவுசெய்ய வேண்டியவை. உருவப்பெயர் மறைக்கும் ஆபத்தைப் பொருள்விளக்கம் வெளிப்படுத்துமாயின், அகராதி சொல்லுக்கு மட்டுமன்றி அதனைக் கையாளும் மக்களுக்கும் பயன்படும்.